ஃபைட்டர் மீனுக்குத் துணை தேடும் முன் தண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வந்துவிட்டால் ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்து வண்ணமீன் கடைகளில் பிள்ளைகள் மொய்க்கிறார்கள். அவர்கள் விரல் நீட்டுவது பெரும்பாலும் ஃபைட்டர் மீனை நோக்கித்தான். டீ கப் அளவு பிளாஸ்டிக் டப்பாவில் கிடப்பதை வாங்கி, வீட்டில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, போர்த் தண்ணீரை ஊற்றி, நாலு கூழாங்கல், ரெண்டு சிப்பி போட்டு வைக்கிறார்கள். மாதம் திரும்புவதற்குள் மீன் மிதக்கிறது. "ஒத்தையில கெடந்து ஏங்கிப் போச்சு" என்று ஒரு பேச்சு. அடுத்த தடவை துணைக்கு ஒரு கப்பியையோ பெண் ஃபைட்டரையோ சேர்த்து வாங்குகிறார்கள். இப்போது இரண்டு மீனும் சாகின்றன.

அந்த மீன் ஏங்கிச் சாகவில்லை. நம் கரையோரத் தண்ணீர்தான் அதைக் கொன்றது. ஃபைட்டருக்குத் துணை வேண்டுமென்ற ஏக்கமே கிடையாது. அது எல்லை பிரித்துக்கொண்டு தனியாக வாழும் மீன். துணை சேர்ப்பது நம் கண்ணுக்கு அழகு, அவ்வளவே. அதைச் செய்யவும் வழி இருக்கிறது. ஆனால் தண்ணீரைச் சரிக்கட்டிய பிறகு.

முதலில் மீனைப் பற்றிக் கொஞ்சம். பெட்டா ஸ்ப்ளென்டன்ஸ் என்பது இதன் அறிவியல் பெயர். தாய்லாந்தின் சதுப்புகளும் வயல் வாய்க்கால்களும் இதன் சொந்த ஊர். 2019இல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. செவுள் போக, தலைக்குள் இன்னொரு மூச்சு உறுப்பும் இதற்கு உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். கிண்ணத்தில் விட்டால்கூட உடனே சாகாமல் தாக்குப்பிடிப்பது இதனால்தான். சாகவில்லை என்பதற்காக நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. வயல் தண்ணீர் முழங்கால் ஆழம்தான், ஆனால் அகலத்துக்குக் குறைவில்லை. நெல் தாளும் இலைதழையும் நிறைந்தது, உப்பில்லாதது. இதன் ஒன்றுவிட்ட உறவான பெட்டா மஹாசாயென்ஸிஸ் என்ற இனம் தாய்லாந்தின் கடலோரக் கழிமுகத்தில், சற்றே உப்பான தண்ணீரில் வாழ்கிறது. கடையில் நாம் வாங்குவது அது அல்ல.

இனி நம் தண்ணீர். இந்தக் கரையில் ஒரு வீட்டுக்கு நாலு விதத் தண்ணீர் வருகிறது. போர், காவிரிக் கூட்டுக் குடிநீர், ஆர்ஓ கேன், மழை. நாலும் நாலு விதம்.

கடலை ஒட்டிய ஊர்களில் போர்த் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பு, தாதுக்களின் மொத்த அளவு, ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். வாயில் ஊற்றினாலே கரிக்கும். தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு 8ஐ ஒட்டி நிற்கும் (7 நடுநிலை). ஃபைட்டருக்குத் தோதானது பிஎச் 6.5 முதல் 7.5 வரை, டிடிஎஸ் 150 முதல் 350 வரை. கொஞ்சம் கூடினால் பழகிக்கொள்ளும். ஆயிரத்தைப் பழகச் சொல்வது நியாயமில்லை. கேன் தண்ணீர் நேர் எதிர். டிடிஎஸ் 50, சில கேன்களில் 30. தாது ஒன்றும் இல்லாததால் அதில் பிஎச் நிலையாக நிற்காது, மீன் கழிவு சேரச் சேரச் சட்டென்று சரியும். "நல்ல தண்ணிதானே ஊத்துறோம்" என்று வெறும் கேன் தண்ணீரிலேயே வளர்ப்பவர்களுக்கு மீன் திடீரென்று துவள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டையும் கலந்தால் தீர்வு. ஒரு டிடிஎஸ் மீட்டர் இருந்தால் போதும். உதாரணத்துக்கு, போர் 1200, கேன் 50 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு போர்த் தண்ணீருக்கு ஐந்து பங்கு கேன் தண்ணீர் சேர்த்தால் 240 பக்கம் வரும். அது சரியான அளவு. உங்கள் வீட்டு எண் வேறாக இருந்தால் ஒரு குவளையில் கலந்து அளந்து பார்த்துவிட்டு அதே விகிதத்தைத் தொட்டிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் கரைந்திருப்பதன் மொத்தத்தைத்தான் காட்டும். அது சுண்ணாம்பா உப்பா என்று பிரித்துச் சொல்லாது. கடல் உள்ளே ஏறிய கிணறு என்றால் நாக்கே சொல்லிவிடும். அந்தத் தண்ணீரை இன்னும் குறைவாகச் சேருங்கள்.

காவிரித் தண்ணீர் கிடைப்பவர்களுக்கு வேலை குறைவு. அதிலுள்ள குளோரினை மட்டும் எடுக்க வேண்டும். வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் கடையில் ஆன்டி குளோரின் சொட்டு கிடைக்கிறது. சீட்டில் போட்ட அளவை மீற வேண்டாம். மழைக்குப் பிறகு மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கூடுதலாகப் போடும் நாட்களில் குழாயைத் திறந்ததுமே வாடை அடிக்கும். அன்று தண்ணீர் மாற்றாமல் இருப்பதே மேல். டிடிஎஸ் மீட்டரில் குளோரின் தெரியாது.

மழைத் தண்ணீர் இந்த மீனுக்குச் சொர்க்கம். ஐப்பசி, கார்த்திகையில் பிடித்து வைக்கலாம். முதல் இரண்டு மழையை விட்டுவிடுங்கள். அதில் மாடித் தூசி, பறவை எச்சம், கடல்காற்று கொண்டுவந்து அப்பிய உப்பு எல்லாம் இருக்கும். அதன் பிறகும் மழை தொடங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்தே பிடியுங்கள். தகரக் கூரையில் வழிந்தது வேண்டாம்; துத்தநாகம் மீனுக்கு ஆகாது. மூடியுள்ள டிரம்மில் வைக்காவிட்டால் கொசு முட்டையிடும். மழைத் தண்ணீரையும் தனியாக ஊற்றாமல் நாலுக்கு ஒன்று போர்த் தண்ணீர் கலந்துகொள்வது நல்லது. ஊருணித் தண்ணீரை அப்படியே எடுத்து வருகிறவர்கள் மீன் பேனையும் கூடவே எடுத்து வருகிறார்கள். அது வேண்டாம்.

பிஎச் 8 ஏன் கவலை தருகிறது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மீன் கழிவும் மிச்ச இரையும் அழுகி அம்மோனியா ஆகும். தண்ணீரில் அந்த அம்மோனியா இரண்டு உருவில் இருக்கிறது. ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாது, மற்றது நஞ்சு. எது எவ்வளவு என்பதைப் பிஎச்சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 28 டிகிரித் தண்ணீரில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சாக இருக்காது. அதுவே பிஎச் 8 ஆனால் ஆறேழு பங்கு நஞ்சு. ஏறக்குறைய பத்து மடங்கு! அதே கிண்ணம், அதே மீன், அதே அழுக்கு. மேட்டுநிலத்து ஊரில் பிழைப்பது நம் கரையில் பிழைக்காமல் போவதற்கு இந்த வேதியியல்தான் காரணம்.

அம்மோனியாவைத் தின்று தீர்க்கப் பாக்டீரியா இருக்கிறது. அது ஃபில்டரின் பஞ்சிலும் மணலிலும் குடியேற மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டியை நிரப்பி, ஃபில்டரை ஓட்டி, மீன் இல்லாமலேயே தினம் இரண்டு மூன்று குருணை இரையைப் போட்டுக்கொண்டு வர வேண்டும். அது அழுகி அம்மோனியா வரும், பிறகு பாக்டீரியா அதை மாற்றி உண்டாக்கும் நைட்ரைட் என்ற இன்னொரு நஞ்சு ஏறும், கடைசியில் இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கும். சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டில் இது தெரிந்த பிறகு மீனை விடலாம். ஏற்கெனவே நோயில்லாமல் ஓடும் தொட்டி தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அவர்களுடைய ஃபில்டர் பஞ்சை உங்கள் தொட்டித் தண்ணீரில் பிழிந்துவிட்டால் காலம் பாதியாகும். பஞ்சைக் குழாயடியில் வைத்து வெள்ளையாகும்வரை கழுவுவது பெரிய பிழை. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும்.

தொட்டி: 18 அங்குல நீளம், 10 அகலம், 10 உயரம். மேலே ஒன்றரை அங்குலம் விட்டு நிரப்பினால் 25 லிட்டர். ஒரு ஃபைட்டருக்கு இது வேண்டும். உயரமான ஜாடி வேண்டாம், ஒவ்வொரு மூச்சுக்கும் நீண்ட துடுப்பை இழுத்துக்கொண்டு மேலே ஏற வேண்டியிருக்கும். காற்று மோட்டாரில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும், அதையும் வால்வை வைத்துக் குறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வேகமாகச் சுழன்றால் இந்த மீன் நாள் முழுக்க எதிர்நீச்சல் போட்டே ஓய்ந்துவிடும். மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஓர் அலமாரியில் வையுங்கள். கீழே இருந்தால் கரண்ட் போனதும் குழாய் வழியே தண்ணீர் இறங்கி மோட்டாருக்குள் போய்விடும். மூடி கட்டாயம், ஏனென்றால் ஃபைட்டர் குதிக்கும். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே அந்த ஒன்றரை அங்குல இடம் வேண்டும், காற்று விழுங்க. இந்த ஊர்க் காற்றில் இரும்பு மூடி ஒரு வருடம் தாங்காது. கண்ணாடியோ அக்ரிலிக்கோ போடுங்கள்.

வாரத்துக்கு ஒரு முறை அரைக் குடம் அளவு, அதாவது ஆறேழு லிட்டர், அடியிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகக் கலந்த தண்ணீரை ஊற்றுங்கள். முழுத் தொட்டியையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவதை மறந்துவிடுங்கள். நடுவில் வெயிலுக்கு வற்றியதை ஈடுகட்ட ஊற்றும்போது மட்டும் கேன் தண்ணீரோ மழைத் தண்ணீரோதான். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு அப்படியே தங்கும். வற்ற வற்றப் போர்த் தண்ணீரையே ஊற்றினால் இரண்டு மாதத்தில் தொட்டி உப்பளம் ஆகிவிடும்.

கடற்கரையில் இருப்பதால் நமக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தொட்டி என்றதும் கடல் மணல், சிப்பி, சோழி, பவளத் துண்டு எல்லாவற்றையும் அள்ளிவந்து போடுவது. ஒரு சிப்பியின் மேல் ரெண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்துக் குமிழி கிளம்பும். அது சுண்ணாம்பு. தொட்டிக்குள் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, நீங்கள் பாடுபட்டுக் கலந்து இறக்கிய பிஎச்சை மறுபடி ஏற்றும். கடல் மணலிலும் சிப்பித் தூள் கலந்திருக்கும். பவளத்தைத் தொடுவது சட்டப்படியும் குற்றம். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986லிருந்தே இங்கே இருக்கிறது, பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. கரையில் ஒதுங்கிய கட்டையும் உள்ளே உப்பு ஊறியது. மறைவிடம் வேண்டுமென்றால் கொட்டாங்குச்சியை நார் போகச் சுரண்டி, அரைமணி நேரம் கொதிக்கவைத்து, ஓரத்தைத் தேய்த்து மழுக்கிப் போடுங்கள். அடியில் ஆற்று மணலைக் கழுவிப் போடுங்கள், அதிலும் எலுமிச்சைச் சோதனை செய்துவிட்டு.

அதே கரை ஒரு நல்ல பொருளையும் தருகிறது. வாதாம் மரம், அதாவது நாட்டு வாதுமை. பள்ளிக்கூட வாசல், பேருந்து நிறுத்தம் என்று நம் ஊரில் இது இல்லாத இடம் குறைவு. வெளிநாட்டு மீன் வளர்ப்போர் இதன் காய்ந்த இலையைக் காசு கொடுத்துக் கட்டுக்கட்டாக வாங்குகிறார்கள். நாம் பெருக்கிக் கொளுத்துகிறோம். மரத்திலிருந்து பறித்த பச்சை இலை கூடாது. தானாகப் பழுத்து உதிர்ந்து, மொறுமொறுவென்று பழுப்பாகக் காய்ந்ததை எடுத்துக் கழுவி, 25 லிட்டருக்கு உள்ளங்கை அளவில் ஓர் இலை போடுங்கள். மூன்று நாளில் தண்ணீர் வெளிறிய டீ நிறத்துக்கு வரும். அந்தச் சாயத்திலுள்ள துவர்ப்பு பிஎச்சைச் சற்றே இறக்கும், துடுப்பில் வரும் பூஞ்சையையும் கொஞ்சம் மட்டுப்படுத்தும். மூன்று நாலு வாரத்தில் இலை நரம்பு மட்டும் மிஞ்சும்போது எடுத்துவிட்டுப் புதிது போடலாம். சுண்ணாம்பு மிகுந்த கடினமான போர்த் தண்ணீரில் இது பெரிதாக வேலை செய்யாது. கலந்து மென்மையாக்கிய தண்ணீரில்தான் பலன் தெரியும். கொசு மருந்துப் புகை அடிக்கும் சாலையோரத்து இலையைத் தொடாதீர்கள்.

கொசு என்றதும் இன்னொன்று. கொசுவர்த்திச் சுருள், பிளக்கில் சொருகும் திரவம், தெருவில் அடிக்கும் புகை ஆகியவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து மனிதருக்கு ஓரளவு தாங்கும், மீனுக்குக் கொடிய நஞ்சு. ஃபைட்டர் மேல்மட்டக் காற்றையே விழுங்குகிறது, உங்கள் மோட்டாரோ அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதுகிறது. தொட்டி இருக்கும் அறையில் சுருள் கொளுத்த வேண்டாம். புகை வண்டி வரும் சத்தம் கேட்டால் மோட்டாரை நிறுத்தி, ஈரத்துணியால் தொட்டியை மூடி, அரைமணி கழித்துத் திறங்கள்.

வெப்பத்தில் நமக்குப் பாதி அதிர்ஷ்டம். 25 முதல் 28 டிகிரி வரை இந்த மீனுக்கு இதம். மார்கழி, தை இரவுகளிலும் இங்கே ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது, ஏசி அறையில் வைத்தாலொழிய. பாதி துரதிர்ஷ்டம் சித்திரையில் வரும். தண்ணீர் 32ஐத் தொட்டால் மீன் மந்தமாகும், இரை மறுக்கும், கழிவு வேகமாக அழுகும். ஐஸ் கட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், திடீர் மாற்றம் வெப்பத்தைவிடக் கொடியது. மூடியை எடுத்துக் கொசுவலைத் துணி கட்டி, நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன ஃபேனைத் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். வற்றுவதும் கூடும்; எதை ஊற்ற வேண்டும் என்பது மேலே சொன்னதுதான்.

தீனி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இதன் வயிறு ஏறக்குறைய கண் அளவு. ஒரு மில்லிமீட்டர் குருணை காலையில் மூன்று, மாலையில் மூன்று, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. இது புழு பூச்சி தின்னும் மீன், சோறும் ரொட்டியும் வேண்டாம். சென்னாக்குனி சின்னதாகத்தானே இருக்கிறது என்று போடுபவர்கள் உண்டு, அது உப்பு. கடலோர ஈரத்தில் இரைப் பாக்கெட் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். சின்னப் பாட்டிலில் மாற்றி, துணியில் முடிந்த ஒரு கைப்பிடி பச்சரிசியோடு மூடி வையுங்கள். உயிர் இரை கொடுக்க ஆசையா? இந்தக் கரையில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது. ஆர்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டையைத் துணியில் வடிகட்டிய கடல்நீரிலேயே பொரிக்கலாம். லிட்டருக்கு ஒரு கிராம் முட்டை, நல்ல காற்றோட்டம், வெளிச்சம், 28 டிகிரி. ஒரு நாளில் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி ஒரு மூலையில் கூடும். உறிஞ்சி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் கொடுங்கள். அலசாவிட்டால் உப்பும் சேர்ந்து தொட்டிக்குள் போகும்.

இதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தால்தான் துணை பற்றிய பேச்சு.

வேண்டாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் கடையில் சிபாரிசு செய்யப்படுபவை பெரும்பாலும் அவைதான். இரண்டு ஆண் ஃபைட்டர் கூடவே கூடாது. நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்தாலும் ஒன்றையொன்று பார்த்து நாள் முழுக்கச் செவுளை விரித்துக்கொண்டே இருக்கும். தடுப்பு வைப்பதானால் ஒளி புகாததாக வையுங்கள். பெண் ஃபைட்டர் இனப்பெருக்கத்துக்குச் சில நாள் மட்டும். குடித்தனம் வைத்தால் ஆண் கிழித்துவிடும். ஆண் கப்பியின் வண்ண வாலை ஃபைட்டர் இன்னொரு ஆணின் வாலாகவே எடுத்துக்கொள்ளும். கௌராமி ஒரே குடும்பம், அதனாலேயே பகை. டைகர் பார்ப் துடுப்பைக் கடித்து நூலாக்கிவிடும். தங்கமீன் குளிர்ந்த தண்ணீர் கேட்கும், கழிவும் ஏராளம். பாசி தின்னும் என்று தரும் டேங்க் கிளீனர் விரற்கடை அளவில் வந்து முழங்கை நீளம் வளரும். இரவில் மற்ற மீன்களின் மேல் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும்.

இங்கே ஒரு வேடிக்கை. ஃபைட்டரின் நெருங்கிய சொந்தம் ஒன்று நம் கரையோர வயல்களிலும் வாய்க்கால்களிலும் இயற்கையாகவே இருக்கிறது. சூடோஸ்ப்ரோமீனஸ் குபானஸ் என்ற விரல் நீள மீன். அந்தக் 'குபானஸ்' வேறொன்றுமில்லை, புதுச்சேரி பக்கத்து அரியாங்குப்பம்தான். அந்த ஆற்றில் பிடித்த மீனை வைத்துப் பிரெஞ்சு அறிஞர் குவியே 1831இல் வைத்த பெயர். அழகான அமைதியான மீன். ஃபைட்டரோடு சேர்க்க மட்டும் வேண்டாம். சொந்தக்காரன் என்பதாலேயே சண்டை வரும்.

சேரக்கூடியவை எவை? 25 லிட்டர் தொட்டியில் மீனே வேண்டாம். ஒன்றிரண்டு நெரைட் நத்தை போதும். கண்ணாடிப் பாசியை மேயும், பெருகாது. வெள்ளை முட்டைகளை ஒட்டி வைக்கும், ஆனால் நல்ல தண்ணீரில் அவை பொரியாது. ஓடு கரையாமலிருக்கச் சற்றுக் கடினமான தண்ணீர் வேண்டும் என்பதால் நம் ஊருக்குப் பொருத்தம். வாதாம் இலையை அளவுக்கு மேல் போட்டால் ஓடு வெளுத்து அரிக்கும். கடலிலோ கழிமுகத்திலோ பொறுக்கிவந்த நத்தை வேண்டாம், நல்ல தண்ணீரில் செத்துத் தொட்டியையே நாறடிக்கும். கடையில் நல்ல தண்ணீருக்குப் பழக்கியதை வாங்குங்கள். சில ஃபைட்டர்கள் நத்தையின் மீசையைக் கொத்தும். நத்தை இரண்டு நாளாக ஓட்டைவிட்டு வெளியே வராவிட்டால் பிரித்துவிடுங்கள்.

மீன்தான் வேண்டுமென்றால் இரண்டடிக்கு ஓரடித் தொட்டி, 50 லிட்டர். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் நியான் டெட்ராவும் கோரிடோராஸும் முதலில் நிற்கும். அந்தப் பட்டியல்கள் குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதியவை. நியானும் சாதாரண வெண்கல நிறக் கோரிடோராஸும் 26 டிகிரிக்குள் சுகப்படுபவை. நம் சித்திரையை அவற்றால் தாங்க முடியாது. இங்கே சரிப்படுவது எம்பர் டெட்ரா எட்டு, அல்லது ஹார்லெக்வின் ராஸ்போரா ஆறு, அல்லது அடியில் வாழும் குலி லோச் ஐந்து. மூன்றில் ஒன்று, மூன்றையும் சேர்க்கச் சொல்லவில்லை. எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். கூட்டமாக வாழும் மீனை ஒன்றிரண்டாக விட்டால் அது பயந்து பதுங்கும், அல்லது ஃபைட்டரின் வாலைக் கடிக்கப் பழகும். எங்கள் தேர்வு குலி லோச். பாம்புக்குட்டி மாதிரி இருக்கும், பகலில் ஒளிந்துகொள்ளும், 30 டிகிரி வரை தாங்கும், நடமாடுவது அடிமணலில். ஃபைட்டர் வாழ்வது மேல்மட்டத்தில். இருவரும் சந்திப்பதே அபூர்வம். மணல் நைசாக இருக்க வேண்டும், சரளை அதன் வயிற்றைக் கிழிக்கும். மூடியில் சந்து இருந்தால் இரவில் வெளியேறி, காலையில் தரையில் காய்ந்து கிடக்கும்.

சேர்க்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். ஃபைட்டர் ஏற்கெனவே ஆளும் தொட்டியில் புதியவர்களை விட்டால் வந்தவன் திருடன். ஃபைட்டரை முதலில் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். செடி, கொட்டாங்குச்சி எல்லாவற்றையும் இடம் மாற்றி வையுங்கள். புதியவர்களை விட்டு ஒரு வாரம் பழகவிடுங்கள். பிறகு விளக்கை அணைத்து, மாலையில், ஃபைட்டரை ஒரு வலைப்பெட்டிக்குள் வைத்துத் தொட்டிக்குள் மிதக்கவிடுங்கள். இரண்டு நாள். அவ்வப்போது செவுளை விரித்துவிட்டுத் திரும்பிப் போனால் நல்லது. பெட்டிச் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தால் அந்த மீனுக்குத் துணை விதிக்கப்படவில்லை. அதைத் திருத்த முடியாது. திறந்துவிட்ட பிறகு முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். விரட்டிவிட்டு நின்றால் பரவாயில்லை. மூலைவரை துரத்திப் போய்க் கடித்தால் உடனே பிரியுங்கள். அதற்காகப் பத்து லிட்டர் வாளியில் பழகிய தண்ணீர் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.

துணையே இல்லாமலும் இந்த மீனை உற்சாகமாக வைத்திருக்க முடியும். நீர்ப்பரப்புக்கு நாலு விரல் கீழே அகன்ற இலை ஒன்று இருந்தால் அதன் மேல் படுத்துக்கொள்ளும். அனுபியஸ், ஜாவா ஃபெர்ன் என்ற நீர்ச்செடிகள் இரண்டும் மங்கல் வெளிச்சத்திலும் வளரும். பிளாஸ்டிக் செடி என்றால் பட்டுத்துணியை அதன் மேல் இழுத்துப் பாருங்கள். துணி சிக்கினால் துடுப்பும் சிக்கும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடம் கண்ணாடி காட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். அறை இருட்டாகி, தொட்டி விளக்கு மட்டும் எரிந்தால் தொட்டிச் சுவரே கண்ணாடியாகி மீன் தன் நிழலோடு சண்டை போடும். அறை விளக்கு இருக்கும்போதே தொட்டி விளக்கை அணைத்துவிடுங்கள். மேலே நுரைக்கூடு கட்டினால் மீன் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று துள்ள வேண்டாம், வயது வந்த ஆண் அழுக்குத் தண்ணீரிலும் கூடு கட்டும். ஆளைக் கண்டதும் முன்னே வருவது, துடுப்பை விரித்து நீந்துவது, இரைக்குத் தாவுவது, இவையே அடையாளம்.

துடுப்பைச் சுருட்டிக்கொண்டு அடியில் கிடந்தால் மருந்துக்கு ஓடும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். துடுப்பு ஓரம் கறுத்துக் கரைவது, உடலில் உப்புக்கல் தூவினாற்போல் வெண்புள்ளி வருவது, இந்த இரண்டுக்கும் தொடக்கத்தில் உப்பு வைத்தியம் உதவும். வாலிநோக்கம் உப்பளக் கல்லுப்பே போதும். லிட்டருக்கு ஒரு கிராமில் தொடங்கி, இரண்டாம் நாள் இரண்டு கிராமாக்கி, பத்து நாளுக்கு மேல் நீட்டாமல் நிறுத்துங்கள். தனி வாளியில், கரைத்து ஊற்ற வேண்டும். குலி லோச்சுக்கும் நத்தைக்கும் செடிக்கும் உப்பு ஆகாது. ஏற்கெனவே கரிக்கும் போர்த் தண்ணீரில் இந்தக் கணக்கைப் போட்டால் அளவு மீறிவிடும், கேன் தண்ணீர் கூடுதலாகச் சேர்த்த கலவையில் செய்யுங்கள். செதில்கள் தேங்காய்ப் பூப்போல் சிலிர்த்து வயிறு வீங்கிவிட்டால் பெரும்பாலும் கை மீறிய நிலை.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டப்பாவின் மேல் ஒரு சின்னச் சீட்டு ஒட்டுங்கள். ஆணா பெண்ணா, உங்கள் தொட்டித் தண்ணீரின் டிடிஎஸ் எவ்வளவு. வாங்குபவர் வீட்டுத் தண்ணீர் 1200, உங்களுடையது 200 என்றால், அதைத் தெரிந்துகொண்டு அவர் கலந்து வைக்க முடியும். கவரோடு கால்மணி மிதக்கவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கால் டம்ளர் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, முக்கால் மணியில் மீனை மட்டும் எடுத்து விடச் சொல்லுங்கள். கவர்த் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

வாங்குபவர்களுக்கும் ஒன்று. ஊர் மாறிப் போகிறோம், பள்ளி திறந்துவிட்டது, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று தொட்டி மீன்களை ஊருணியில் கொண்டுபோய் விடாதீர்கள். டேங்க் கிளீனர் அப்படித்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவி, வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கத் தெரிந்த வேறொருவரிடம் தொட்டியோடு கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வண்ணமீன் வளர்ப்போர் சிலர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.